தள்ளிய தட்டின் சீட்டு

கண்ணு,

நீ அனுப்பிய பெயரில்லாத புகையிலை டப்பாவை இன்னொரு முறை ருசி பார்த்தேன். போன தடவை நான் எழுதியது தப்பு. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இந்த இரண்டு வரியோடு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியே நான்கு முறை எழுதி, நான்கு முறையும் கிழித்து அடுப்பில் போட்டேன். இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் சரக்கில் குறை கண்டுபிடித்தே சோறு தின்றவன், தன் குறையை மட்டும் இரண்டு வரியில் முடித்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை. அதனால் நீட்டித்தான் எழுதப் போகிறேன். உனக்கு அங்கே நேரம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இங்கே வேண்டிய மட்டும் இருக்கிறது.

பதினான்கு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆரம்பத்தில் தபால்காரர் வாசலில் நின்று, "இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். பிறகு நடந்துகொண்டே கையை மட்டும் ஆட்டினார். இப்போது என் வீட்டு வளைவு வந்ததும் தலையைக் குனிந்துகொள்கிறார், ஏதோ அவர் தப்புச் செய்த மாதிரி. ஒருநாள் செம்மேட்டுக்கு நடந்து போய் எஸ்.டி.டி. பூத்தில் வெளிநாட்டில் நீ வேலை பார்க்கும் கடையின் நம்பரைப் போடச் சொன்னேன். யாரோ ஒரு பெரியவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். எனக்கு உன் பெயரைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, "லைன் கெடைக்கலீங்க" என்று பூத்துக்காரரிடம் பொய் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். நல்ல மனுஷன், சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

ஒற்றை ஆளுக்குச் சமைப்பது பெரிய தொல்லை கண்ணு. எவ்வளவு குறைவாக அரிசி போட்டாலும் இன்னொருவருக்கும் சேர்த்தே வெந்துவிடுகிறது. போன மாதம் ஒரே குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். அதைக் கவனிக்காமல் பாதிச் சோறு தின்றும் விட்டேன். என் நாக்கு! நாற்பது தட்டில் எது எந்த ஊர்க் காபி என்று சொன்ன நாக்கு! இனி இது எத்தனை நாளைக்கு உழைக்கும் என்று தெரியவில்லை. அதனால்தான் உன் புகையிலையைப் பற்றி எழுதவேண்டியதை இப்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் விளையாட்டு எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கும். காபி மண்டியில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவரை நான் பீடி சிகரெட் எதையும் தொட்டதில்லை, வெற்றிலைகூடப் போட்டதில்லை. எல்லாம் நாக்குக்காக. சேந்தமங்கலத்து முதலாளி மலையேறி வரும்போதெல்லாம் பைப் புகைத்துக்கொண்டே கணக்குப் பார்ப்பார். நான் இரண்டடி தள்ளி நின்று மூச்சை இழுத்துக்கொள்வேன். அதை நீ எப்போது பார்த்தாயோ தெரியாது. தொண்ணூற்றேழில் நான் வேலையை விட்ட மூன்றாம் மாதம் உன் பார்சல் வந்தது. ஒரு பைப், ஒரு டப்பா, ஒரு துண்டுக் காகிதம். "இனி நாக்கு உங்க சொந்தம். குடிச்சுப் பார்த்து மார்க் போடுங்க" என்று எழுதியிருந்தாய். உன் அம்மா சிரித்து முடிக்கவில்லை. "ஏனுங்க, இத்தனை வருசம் அடக்கி வெச்சதையெல்லாம் பையன் அவுத்து உட்டுட்டான் போங்க" என்றாள்.

நானும் சும்மா புகைக்கவில்லை. மண்டியில் மிச்சமிருந்த மார்க் அட்டைகளைத் தேடி எடுத்து, காபிக்குப் போட்ட மாதிரியே போட்டேன். வாசனை, ருசி, உடம்பு என்கிற வாய்க்கனம், பின்ருசி, கடைசிக் கட்டத்தில் குறை. முதல் டப்பா தேன் தடவிய இனிப்பு. கல்யாண வீட்டு ஜிகினா என்று எழுதினேன். இரண்டாவது, காய்ந்த புல்லும் எலுமிச்சந்தோலும். அதற்கு நல்ல மார்க். மூன்றாவது அழுகின பழம் போல இருந்தது, பாதிதான் போட்டேன். நீ ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாய், சண்டை போட்டாய், ஒருமுறை "அப்பா, உங்க மூக்கு பொல்லாதது" என்று எழுதினாய். வீட்டில் இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் நாம் பேசியதைவிட அந்த அட்டைகளில் அதிகம் பேசினோம். உன் அம்மா போன பிறகும் அது நிற்கவில்லை. சொல்லப்போனால் அதன் பிறகு அது ஒன்றுதான் எனக்கு இருந்தது.

இனி மண்டிக் கதை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. சாம்பிள் பார்க்கும் நாளில் நீள பெஞ்சில் தட்டுகளை வரிசையாக வைப்போம். ஒவ்வொரு தட்டிலும் ஒருவருடைய காபிக்கொட்டை, அதன் முன்னால் அதே கொட்டையில் இறக்கிய ஒரு டம்ளர் காபி. கொண்டுவந்தவர் பெயரை எழுதிய சீட்டை மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். நான் கரண்டியால் உறிஞ்சி, நாக்கில் பரப்பி, துப்பிவிட்டு மார்க்கைச் சொல்வேன். சொன்ன பிறகுதான் சீட்டைத் திருப்பிப் பெயர் பார்ப்பது. பங்காளி, பகையாளி, பெரிய வீடு, சின்ன வீடு எதுவும் நாக்குக்குத் தெரியக்கூடாது. அது மண்டிக்குப் பொதுவான வழக்கம். அதற்கு மேல் நானாகச் சேர்த்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. தள்ளின தட்டின் சீட்டை நான் திருப்ப மாட்டேன். தட்டைப் பெஞ்சின் கடைசிக்குத் தள்ளிவிடுவேன், உடையவர்கள் சாயங்காலமாக வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். யார் எடுக்கிறார்கள் என்று திரும்பியும் பார்க்க மாட்டேன். நாளைக்கு அந்த ஆளை ரோட்டில் பார்த்தால் மனசில் ஒன்றும் இல்லாமல் சிரிக்கவேண்டும் அல்லவா? இதை நான் பெரிய நாகரிகம் என்று நினைத்து, உன்னிடமும் பலமுறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

தள்ளுவதிலும் முதலில் தள்ளுவது புகை வாடை அடித்த சரக்கு. பூஞ்சைக்காவது யோசிப்பேன், புகைக்கு யோசிக்க மாட்டேன். கார்த்திகை மழையில் களம் காயாது, அவசரக்காரர்கள் காபிப் பழத்தை அடுப்புக்கு மேலே பரணில் பரப்பிவிடுவார்கள். அந்த ஒரு தட்டு மூட்டையில் கலந்தால் மொத்த லாரியும் புகை நாறும். அதனால் புகை என்றால் என் வாய் தானாகவே துப்பிவிடும். மூளைக்குக்கூடச் சொல்லாது.

இப்போது உன் நாலாவது டப்பாவுக்கு வருகிறேன். இரண்டாயிரமாவது வருஷம், கார்த்திகை மாதம், நல்ல மழை. டப்பாவில் லேபிள் இல்லை, கடிதமும் இல்லை. மூடியைத் திறந்தேன். குப்பென்று பரண் வாசனை. கடல் தாண்டி வந்த டப்பாவுக்குள் எரிந்த விறகின் வாசனை! வழியில் எங்கோ எதன் பக்கத்திலோ வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு முறை பைப்பில் போட்டு மூன்று இழுப்பு இழுத்தேன். நாலாவதற்குப் பொறுமை இல்லை, தட்டிக் கொட்டிவிட்டேன். அன்றைக்கே கடிதம் எழுதினேன். நான் எழுதியதை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை: "சரக்கு புகை அடித்துக் கெட்டுப்போயிற்று. தூக்கிப் போட்டுவிட்டேன். விற்றவன் உன்னை ஏமாற்றினானா, உனக்கே மூக்கு இல்லாமல் போயிற்றா தெரியவில்லை. இதைக் கலந்தவன் வேறு தொழில் பார்த்துக்கொள்வது நல்லது." எழுதி முடித்து நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று ஒரு திருப்தி வேறு.

தூக்கிப் போட்டேன் என்று எழுதினேனே தவிர, போடவில்லை. டப்பா நல்ல டப்பா, மிளகு போட்டு வைக்க ஆகும் என்று பரணில் எறிந்து வைத்தேன். அப்படியே மறந்தும் போனேன். போன ஐப்பசியில்தான் மிளகுக்கு ஏனம் தேடும்போது அது கையில் அகப்பட்டது. கொட்டிவிட்டுத் துடைக்கலாம் என்று முறத்தில் கவிழ்த்தேன். அடியில் வட்டமாக ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினால், அதற்கும் அடியில் மடித்த ஒரு சீட்டு. மண்டிச் சீட்டு எப்படி மடிப்போமோ அதே மாதிரி நாலாக மடித்தது. பிரித்துப் படித்தேன்.

"அப்பா, பேரைச் சொல்லாம சாம்பிள் வெச்சிருக்கேன், நீங்க மார்க் போட்டதுக்கு அப்புறம்தான் இதைத் திருப்புவீங்க. கடைக்காரர் முதமுதலா என்னையே கலக்கச் சொன்னார். இது நான் கலந்தது. கறுப்பா இருக்கிற இலையை விறகுப் புகையில தொங்கவிட்டே பக்குவம் பண்றாங்க. அதை மோந்ததும் அம்மாவோட காபி இப்படித்தான் இருந்திருக்கும்னு தோணுச்சு. நல்லாருக்குதுங்களா?"

 நீ புகையிலைக் கடையில் நிற்கிறாய் என்று தெரியும். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, மேற்படிப்பு என்று போய், கடையில் டப்பா எடுத்துக் கொடுக்கிறான் என்று உன் அம்மாவிடம் நான் புலம்பாத நாள் இல்லை. அவர்கள் உன் கையில் தராசைக் கொடுத்துக் கலக்கச் சொல்லுமளவுக்கு உன் மூக்கை நம்பினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? சீட்டைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். தள்ளின தட்டு. திருப்பவில்லை. வேறு தொழில் பார்க்கச் சொன்னேன், உன்னையே.

அது ஒரு அடி. இன்னொன்று புரியவே இல்லை. அம்மாவின் காபியா? உன் அம்மா காபி குடிப்பதையே விட்டுப் பல வருஷம் ஆகியிருந்ததே. உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல என்றுதான் நானும் நினைத்திருந்தேன். யாரைக் கேட்பது? பெரக்கரைப் பொன்னாயியைத்தான் கேட்கமுடியும். நம் வீட்டுக்குக் கிழங்கும் சாமையும் கொண்டுவருகிறவள், உன் அம்மாவை 'அம்மிணி' என்றே கூப்பிடுகிறவள், இந்த மலையில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி. மறுநாள் காலையில் கிளம்பி அவள் காட்டுக்கே போனேன். குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். சீட்டைப் படித்துக் காட்டினேன்.

"ஏனுங்க, உங்களுக்கு இன்னுமா தெரியாது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பிறகு கையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "அம்மிணி சொல்லவே இல்லீங்களா?" என்றாள்.

"என்னத்தைச் சொல்லல?"

"உங்க ஊட்டுக்குப் பொறத்தாண்ட அம்மிணி காபிச்செடி வெச்சதில்லீங்களா, அதுல வந்த மொத வெள்ளாமை. ஒரே மழை, நீங்க ராப்பகலா மண்டியிலயே கெடந்தீங்க. காயப்போட எடமில்லாம அடுப்பு மேல பரண்ல வெச்சுக் காயவெச்சுது. தெனமும் ராத்திரிக்கும் பகலுக்கும் கிண்டிக் கிண்டி உட்டுச்சு. நான்கூட, 'ஊட்டுலயே மார்க்குப் போடற ஆளு இருக்காரே, குடிக்கக் குடுத்துக் கேளு அம்மிணி'ன்னேன். அதுக்கு அது, 'ஊட்டுல குடுத்தா அவரு ருசியே பாக்க மாட்டாரு பொன்னாயி, குடிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. பேரு தெரியாம மண்டில வெச்சாத்தான் நெசத்தைச் சொல்லுவாரு. அவரு வாயால ஒருக்கா நல்லாருக்குதுன்னு கேக்கோணும்'னு சொல்லுச்சுங்க."

நான் எதுவும் கேட்காமலே மீதியையும் சொன்னாள். இவள்தான் தட்டைக் கொண்டுவந்து வைத்தாளாம். உன் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் ஜன்னலோரம் நின்றாளாம். நான் உறிஞ்சி, துப்பி, எல்லாருக்கும் கேட்க, "இது காபியா, கரிக்கட்டையா? எந்த ஊட்டுச் சோம்பேறிப் பொம்பளை அடுப்பு மேல போட்டுக் காயவெச்சது?" என்றேனாம். கூட்டம் சிரித்ததாம். நான் தட்டைத் தள்ளிவிட்டு அடுத்த டம்ளருக்குப் போய்விட்டேனாம். என்றேனாம், போனேனாம் என்று எழுதுகிறேன் பார். எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை கண்ணு. அந்த மாதிரி நூறு தட்டைத் தள்ளியிருக்கிறேன். அது அவளுக்கு ஒரே தட்டு.

"அழுதாளா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. நேரா ஊட்டுக்கு வந்து உங்களுக்குச் சோறாக்கி வெச்சுது" என்றாள் பொன்னாயி. பிறகு, கேட்காத ஒன்றையும் சொன்னாள். நீ வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று நான் உன்னைத் திட்டினேனே, உனக்கு ஒத்துவராத ஊருக்கு எதற்குப் போகிறாய் என்று, அன்றைக்குத்தான் உன் அம்மா இதை உன்னிடம் சொன்னாளாம். குறையாகச் சொல்லவில்லையாம், சிரித்துக்கொண்டே சொன்னாளாம். "உங்கப்பன் எதைச் சொன்னாலும் மனசுல வெச்சுக்காதே சாமி. எனக்கும் இப்படித்தான். அவரு தட்டைத்தான் தள்ளுவாரு, ஆளைத் தள்ள மாட்டாரு."

பொன்னாயி கொடுத்த கிழங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழி நெடுக உன் அம்மாவின் அந்தப் பேச்சுத்தான் காதில். எனக்காக அவள் உன்னிடம் சமாதானம் சொல்லியிருக்கிறாள். அதையும் நான் பொய்யாக்கிவிட்டேன். அவளையும் தள்ளினேன், உன்னையும் தள்ளினேன். இரண்டு பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். நல்லாருக்குதுங்களா? அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த வருஷத்துக்குப் பிறகு அவள் சோறு போட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டதே இல்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போயிருக்கிறேன். கேட்காதது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இப்போது ஒவ்வொரு வாய்க்கும் அவள் கேட்கமாட்டாளா என்று இருக்கிறது.

அவளுடைய காபி நிஜமாகவே கெட்டுத்தான் இருந்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். மண்டியில் அது தள்ளவேண்டிய தட்டுத்தான், இன்றைக்கு வைத்தாலும் தள்ளுவேன். ஆனால் திருப்பியிருக்கவேண்டும். திருப்பிப் பெயரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "புகை ஏறிப்போச்சு அம்மிணி, ஆனா கொட்டை நல்ல கொட்டை, அடுத்த வருசம் களத்துல காயவெச்சுப் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டம்ளர் காபி ஆறும் நேரம் ஆகுமா?

சரி, உன் புகையிலை. அழுகையை ஓரமாக வைத்துவிட்டு, ஒழுங்காக எழுதுகிறேன், நீ கேட்டது அதைத்தான். முறத்தில் கொட்டினதை ஒரு தூள் விடாமல் அள்ளி டப்பாவில் போட்டேன். சருகாகக் காய்ந்திருந்தது. வெற்றிலைக்குச் சுற்றுகிற மாதிரி ஈரத்துணியைச் சுற்றி ஒருநாள் வைத்தேன், இலை இளகி வந்தது. வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தேன். கரியாக ஒன்று, எலுமிச்சந்தோல் நிறத்தில் ஒன்று, காய்ந்த பலா இலை நிறத்தில் பொடியாக ஒன்று. கறுப்பு ஏறக்குறைய பாதி. மோந்து பார்த்தால் முன்னால் நிற்பது புகைதான். ஆனால் அதைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு மோந்தால், பின்னால் பழம்புளியின் புளிப்பு இருக்கிறது, வைக்கோலின் இனிப்பு இருக்கிறது. போன தடவை நான் வாசலிலேயே திரும்பிப் போய்விட்டேன்.

பைப்பில் அடியில் தளரவும் மேலே சற்று இறுக்கியும் போட்டேன். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி நிதானமாக இழுத்தேன். முதல் பற்றவைப்பில் ஈர விறகு பிடிக்கும்போது வருகிற காரம். பயப்படாமல் இருந்தேன். அழுத்திவிட்டு மறுபடி பற்றவைத்ததும் காரம் அடங்கிற்று. அப்புறம் சாம்பிராணி, புதுச் செருப்புத் தோல், மூக்கு நுனியில் மிளகு. கால் பைப் போனதும் மஞ்சள் இலையின் இனிப்பு மேலே வருகிறது. கெட்ட காபியில் புகை மற்றதையெல்லாம் மூடிக்கொண்டு படுத்திருக்கும். இதில் அப்படி இல்லை, மற்றதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு இருக்கிறது. பாதிக்குமேல் எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? ராகிக்களிப் பானையின் அடியில் ஒட்டிக்கொள்ளுமே பொருக்கு, நாம் இரண்டு பேரும் அதற்குச் சண்டை போடுவோமே, உன் அம்மா பாதியாக உடைத்துக் கொடுப்பாளே, அது. புகைத்து முடித்து வெகுநேரம் வாயில் அதுதான் இருந்தது. பைப்பைத் தட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சாயங்கால பஸ் போகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

குறை இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். கடைசிக் கால் பங்கில் நாக்கைச் சுடுகிறது, கொஞ்சம் கசப்பும் தட்டுகிறது. மஞ்சள் இலை ஒரு சிட்டிகை அதிகம் என்று நினைக்கிறேன். அதைக் குறைத்து பலா இலை நிறத்தில் இருக்கிற அந்தப் புளிப்பு இலையைக் கூட்டிப் பார். இது தள்ளுகிறவன் சொல்வதல்ல, பக்கத்தில் உட்கார்ந்து குடித்தவன் சொல்வது. மார்க் அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். மண்டி அட்டையில் 'குறை' என்ற கட்டத்தில்தான் புகை என்று எழுதிப் பழக்கம். இதில் 'வாசனை' கட்டத்திலும் 'ருசி' கட்டத்திலும் புகை என்று எழுதியிருக்கிறேன். கை ஒருமுறை குறைக் கட்டத்துக்குப் போய்விட்டது, அடித்திருக்கிறேன், நீ பார்த்தால் தெரியும். இவ்வளவு உயர்ந்த மார்க் என் வாழ்நாளில் மூன்று தட்டுக்குத்தான் போட்டிருக்கிறேன். நாலாவது உன்னுடையது.

அப்பன் என்று இருந்தால் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றுதான். பெயரை மறைத்துவிட்டு ருசி பார்ப்பது கடையில் நல்ல வழக்கம், அதை விடாதே, யார் முகத்துக்காகவும் மார்க் போடாதே. ஆனால் அதைச் சட்டையோடு கழற்றிக் கடையிலேயே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போ. நாளைக்கு உன் வீட்டில் ஒருத்தி ஒரு டம்ளரை நீட்டினால், முதலில் அவள் முகத்தைப் பார், அப்புறம் குடி. நான் எல்லா இடத்திலும் நாக்கை மட்டும் கொண்டுபோனேன். அதனால்தான் இவ்வளவு பெரிய வீட்டில் நானும் நாக்கும் மட்டும் இருக்கிறோம்.

சீட்டைப் பார்த்த மூன்றாம் மாதம் இந்தக் கடிதம் வருகிறது. ஏன் இத்தனை நாள் என்று நினைப்பாய். பயம் பாதி. மீதி, ஒரு வேலை இருந்தது. உன் அம்மாவின் செடிகளில் பதினொன்று இன்னும் நிற்கிறது. அவள் போன பிறகு பழத்தைக் குருவிக்கும் அணிலுக்கும் விட்டிருந்தேன். இந்தக் கார்த்திகையில் நானே பறித்தேன். மழை விடவில்லை. களம் காயும்வரை காத்திருக்கலாம்தான், ஆனால் காத்திருக்கவில்லை. அடுப்புக்கு மேலே பரணில் பரப்பினேன். விறகடுப்பை ஒரு மாதம் அணையாமல் வைத்தேன். காலையிலும் ராத்திரியிலும் ஏணி ஏறிக் கிண்டிவிட்டேன், கண்ணெல்லாம் எரிந்தது. அவளைச் சோம்பேறி என்று சொன்ன வாய் இது. பொன்னாயி வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சுங்களா?" என்றாள். பிறகு அவளே உட்கார்ந்து தோல் நீக்கிக் கொடுத்தாள்.

அதில் ஒரு டம்ளர் போட்டுக் குடித்தேன். உறிஞ்சித் துப்பவில்லை, முழுசாகக் குடித்தேன். எப்படி இருந்தது என்று உன்னிடம் சொல்லப்போவதில்லை. அரைக் கிலோ பொட்டலம் கட்டி இதோடு அனுப்புகிறேன். நீ குடித்துப் பார்த்து மார்க் போடு. முகத்துக்காகப் போடாதே. கரிக்கட்டை என்றால் கரிக்கட்டை என்றே எழுது, உனக்கு அந்த உரிமை உண்டு. பொட்டலத்துக்கு அடியில் நாலாக மடித்து ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அதில் யார் பெயரும் இல்லை. உன் அம்மா என்னிடம் கேட்க நினைத்து, நீயும் கேட்டு, நான் பதில் சொல்லாத அந்த ஒரு கேள்வியைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை கேட்பது நான்.

தட்டைத் தள்ளினாலும் தள்ளு கண்ணு. சீட்டை மட்டும் திருப்பிப் பார்த்துவிடு.

அப்பா